வேல்விழி சும்மா இருந்த வாரம்

அத்தியாயம் பதினொன்று

திங்கட்கிழமையிலிருந்து வேல்விழி சும்மா இருக்கிறாள். ஓய்வுபெற்ற ஹவில்தார் சுடலைராஜ் வீட்டில் இதைவிடப் பெரிய கலவரம் இதற்கு முன் நடந்ததில்லை.

சும்மா என்றால் முழுச் சும்மா இல்லை. காலையில் தென்காசியில் இருக்கும் ஜிம்முக்குப் போகிறாள். கம்பியில் வழக்கமான எடையில் பாதியை மாட்டி, வழக்கத்தில் பாதித் தடவை தூக்கி இறக்கிவிட்டு, வேர்வை காய்வதற்குள் வீடு திரும்பிவிடுகிறாள். பகலில் தூங்குகிறாள். அவள் அப்பாவுக்குச் செரிக்காத சங்கதி அந்தத் தூக்கம்தான். இருபது வயசுப் பிள்ளை பட்டப்பகலில் தூங்கினால் ஒன்று காய்ச்சல், இல்லை காதல் என்பது அவர் கணக்கு. நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், சுடவில்லை. அதிலிருந்து அவள் செல்போனை ஒருமாதிரியாகப் பார்த்துக்கொண்டு திரிந்தார்.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேல்விழி பளுதூக்குகிற பெண். கொல்லைப்புறத்தில் சிமெண்டு வார்த்த எடைகளைக் கொடுத்து அவளைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தெடுத்தவர் அப்பாதான். விடியுமுன் எழுப்புவார். மழை, காய்ச்சல், பரீட்சை, தீபாவளி எதுவும் அவரிடம் செல்லாது. போன வருஷம் மாநிலப் போட்டிக்கு முந்தின நாள் வரைக்கும் அவளைத் தூக்கவைத்தார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, முழுக்க முழுக்கப் பாசம். மேடையில் மூன்று வாய்ப்பும் போயிற்று. மூன்றாவது தடவை கம்பியோடு உட்கார்ந்தவளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கீழே கொண்டுவந்தார்கள்.

அதன் பிறகுதான் முத்துச்செல்வி அக்காவிடம் போனாள். ஒரு காலத்தில் தானும் தூக்கியவள், இப்போது பயிற்சி கொடுக்கிறாள். அவள் போட்ட முதல் சட்டமே இதுதான்: மூன்று வாரம் வெளுத்து வாங்கினால் நாலாவது வாரம் இறக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஜிம்மில் லைட் வாரம் என்று பெயர். இன்னும் மூன்று வாரத்தில் திருச்சியில் மாநிலப் போட்டி. ஜூனியர் வயதில் அவளுக்கு இதுதான் கடைசி. முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் தேசியப் போட்டி. வராவிட்டால் என்ன என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இனி இந்த ஆடி வெள்ளிக்கு வருவோம்.

காலையில் ஐந்தருவியில் பெண்கள் பக்கம் கால் வைக்க இடமில்லை. சாரல் விடாமல் அடித்ததில் தண்ணீர் அருமையாக விழுந்துகொண்டிருந்தது. "இன்னைக்கு ஜிம்மு கெடையாது, துண்டை எடுத்துக்கிட்டு வா" என்று முத்துச்செல்விதான் அழைத்து வந்திருந்தாள். மதுரைக்காரக் கூட்டம் ஒன்றை முழங்கையால் விலக்கி, வேல்விழியைச் சரியான இடத்தில் நிறுத்தினாள்.

"முதுகக் காட்டி நில்லு. தோள எறக்கு. நான் சொல்லுத வரைக்கும் நவுரக் கூடாது."

தண்ணீர் முதுகில் விழுந்து அடித்த அடியில் வேல்விழிக்குக் கண் சொக்கியது. உடம்புக்குள் எங்கெங்கோ முடிச்சுப் போட்டுக் கிடந்ததெல்லாம் ஒவ்வொன்றாய் அவிழ்ந்தது. இப்படியே பத்து நாள் நிற்கச் சொன்னாலும் நின்றிருப்பாள்.

கரைக்கு வந்து தலை துவட்டும்போதுதான் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த போன் மினுங்கியது. ஊரிலிருந்து சித்தப்பா மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஈரக் கையோடு திறந்து பார்த்த வேல்விழி அப்படியே நின்றுவிட்டாள்.

அது ஒரு பிளெக்ஸ் தட்டி. கோயில் கொடைத் திருவிழாவுக்காக ஊர் முக்கில் கட்டியது. நடுவில் அவள் முகம், ஒரு ஆள் உயரத்துக்கு. கம்பியைத் தூக்கி, பல்லைக் கடித்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிற முகம். உலகத்தில் இருக்கிற அவள் படங்களிலேயே மோசமானதைத் தேடிப் பிடித்திருந்தார்கள். கீழே, 'இன்று மாலை இளவட்டக்கல் தூக்கவிருக்கும் எங்கள் ஊர்த் தங்கம் வேல்விழியை வாழ்த்தி வரவேற்கிறோம்' என்று எழுதி, கறுப்புக் கண்ணாடி போட்ட இளைஞர்கள் வரிசையாகக் கைகூப்பியிருந்தார்கள். மேல் மூலையில் அப்பா, பட்டாள உடுப்பில்.

"யாருட்டி இது, நீயா?" என்று எட்டிப் பார்த்தாள் முத்துச்செல்வி.

"எனக்கே இப்பதாங்க்கா தெரியும்."

முத்துச்செல்வி படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் படித்தாள். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தலைமுடியை இடது கையால் அள்ளி முடிந்தாள். எப்போதும் இடது கைதான். வலது கை காதுக்கு மேலே போகாது. ஓய்வென்றால் என்ன என்று தெரியாத காலத்தில், தோள் வலியோடு தூக்கித் தூக்கி வந்த வினை. அதைப் பற்றி அவள் பேசியதில்லை. வேல்விழியும் கேட்டதில்லை.

"ஒங்க ஊருக் கல்லு எவ்வளவு எட?"

"யாரும் நிறுத்துப் பாத்ததில்லக்கா. நெறைய பேரு முட்டு வரைக்கும் கொண்டாந்து போட்டுருவாங்க. தோளுக்கு ஏத்துனவங்க ரொம்பக் கம்மி."

"நீ ஏத்திருவட்டி. அதாம் எனக்குப் பயமே."

"ஏத்திட்டா என்னக்கா?"

முத்துச்செல்விக்குக் கோபம் வந்தது. வந்தாலும் அடக்கிக்கொண்டுதான் பேசினாள்.

"உருண்டைக் கல்லு. பிடிக்க ஒரு விளிம்பு கெடையாது. முதுக வளைக்காம அத நெஞ்சுக்குக் கொண்டார முடியாது. மூணு வாரமா அந்த முதுகப் போட்டு அடி அடின்னு அடிச்சிருக்கோம். இப்பதான் அது உள்ளுக்குள்ள தன்னச் சரிபண்ணிக்கிட்டிருக்கு. பூசுன செவுரு காயுததுக்கு முன்னால ஆணி அடிப்பியா நீ?"

வேல்விழி துண்டைப் பிழிந்தாள்.

"ஒங்கப்பா ஒங்கிட்ட கேக்கவே இல்லையா?"

"இல்லக்கா."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள். அப்பா ஒன்று கேட்டு, இல்லை என்று சொன்ன ஞாபகமே அவளுக்குக் கிடையாது. அது இப்போதுதான் உறைத்தது.

"நான் வந்து பேசட்டா?"

"வேண்டாங்க்கா. நீங்க வந்தா, வெளியாள விட்டுப் பேச வச்சிட்டான்னு ஆயிரும். நானே பேசிக்கிடுதேன்."

"பேசிருவியா?" என்றாள் முத்துச்செல்வி. கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

* * *

சொந்த ஊர் கீழப்பாவூருக்குப் பக்கத்தில். கொடைக்காக அப்பாவும் அம்மாவும் புதன்கிழமையே போய்விட்டார்கள். தென்காசியில் பஸ் மாறி, வேல்விழி ஊர் முக்கில் இறங்கும்போது மதியம் ஆகிவிட்டது. தட்டி காற்றில் படபடத்தது. படத்தில் பார்த்ததைவிட நேரில் இன்னும் கண்றாவியாக இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள். குனிந்தால் விடுகிற ஊரா அது?

"வந்துட்டா பாரு. கல்ல எங்க வீட்டுப் பக்கம் எறிஞ்சிராத தாயி, இப்பதான் ஓடு மாத்திருக்கு" என்றாள் டீக்கடைக்காரி. கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நல்ல சிரிப்புதான். அதனால்தான் இன்னும் சங்கடமாக இருந்தது.

சுடலைராஜ் பந்தலில் நின்று வாழைமரம் கட்டுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேற்பார்க்காவிட்டால் ஊரில் ஒரு வாழைமரமும் நேராக நிற்காது என்று நம்புகிற மனுஷர். மகளைப் பார்த்ததும் மீசை மலர்ந்தது.

"போர்டு பாத்தியா? எப்படி இருக்கு?"

"அப்பா, கொஞ்சம் இங்கன வாங்க."

வேப்பமரத்தடிக்கு வந்தார். வேட்டி புதுசு, மடிப்புக்கூடக் கலையவில்லை. இன்றைக்கென்றே எடுத்தது என்று பார்த்தாலே தெரிந்தது. வேல்விழிக்குப் பாதித் தைரியம் அங்கேயே போயிற்று.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளாப்பா?"

"என்னத்தக் கேக்க? ஞாயித்துக்கெழம ஒங்க பெரியப்பா வந்தாரு. பக்கத்து ஊருல பொம்பளப் புள்ளைகளே கல்லு தூக்குது, நம்ம ஊருல ஒரு புள்ள இல்லையான்னு வாயைக் கிண்டுனாரு. நீதானே சொன்ன, இந்த வாரம் லைட்டுதாம்ப்பான்னு. சரி, சோலி இல்லாம இருப்பாளேன்னு வாக்கு குடுத்துட்டேன்."

"அப்பா, லைட்டுன்னா சோலி இல்லன்னு அர்த்தம் இல்லப்பா."

"இல்லாம? திங்கக்கெழமையிலருந்து நீ ஒண்ணும் பெருசாத் தூக்கல. செலவழிக்காத பலம் பூரா ஒடம்புக்குள்ளதானே கெடக்கு. ஒரே ஒரு கல்லு. அதுல என்ன போய்ரும்?"

அவர் முகத்தில் கள்ளம் கொஞ்சமும் இல்லை. இதைத்தான் நாலைந்து நாளாக யோசித்து, கூட்டிக் கழித்து, மகளுக்கு நல்லதென்று முடிவு கட்டியிருக்கிறார். பலம் என்பது அவருக்குத் தொட்டியில் தேங்குகிற தண்ணீர். எடுக்காவிட்டால் நிறையும், நிறைந்தால் எடுக்கலாம்.

"தேங்கிக் கெடக்கலப்பா. தேஞ்சு போனத இப்பதான் ஒடம்பு சரிபண்ணுது. நடுவுல இழுத்துவிட்டா போன வருசம் மாதிரி ஆயிரும்."

போன வருஷம் என்றதும் சுடலைராஜ் மீசையைத் தடவுவதை நிறுத்தினார். அந்தப் பேச்சை அந்த வீட்டில் யாரும் அவர் முன்னால் எடுப்பதில்லை. வாழைமரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஒன்னால முடியாதா? அத மட்டும் சொல்லு."

முடியாது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பிரச்சினை அங்கேயே தீர்ந்திருக்கும். ஆனால் அந்த வார்த்தையை அப்பாவின் முன்னால் சொல்ல இந்தப் பிள்ளைக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லையே.

"முடியும்ப்பா. ஆனா வேண்டாம்."

"முடியும்லா? அப்பத் தூக்கு." அவர் குரலில் நிம்மதி தெரிந்தது. "சாயங்காலம் மைக்குல பேரு கூப்புட்டா வரணும். ஊருக்கு முன்னால நம்ம வாக்கு கெட்டுறக் கூடாது."

* * *

ஊர் வீட்டுப் பின்கட்டில் அம்மா வள்ளித்தாய் மாவிளக்குக்கு அரிசி இடித்துக்கொண்டிருந்தாள். மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்த விதத்திலேயே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. உலக்கையை நிறுத்தாமலேயே கேட்டாள்.

"என்ன சொல்லுதாரு?"

"வாக்கு குடுத்துட்டாராம்."

"நீ என்ன சொன்ன?"

"வேண்டாம்னேன். அவரு காதுல முடியும்னு மட்டும்தான் விழுந்துச்சு." வேல்விழிக்கு அழுகை வந்துவிட்டது. "இந்தத் தடவையும் போச்சுன்னா அவ்வளவுதாம்மா. பொறவு என்ன செய்யன்னே எனக்குத் தெரியல."

வள்ளித்தாய் உலக்கையைச் சுவரில் சாய்த்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அதற்குள் சுடலைராஜே தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். நேரம் பார்த்துத்தான் வந்தார் மனுஷர்.

"ஏங்க, ஒங்களுக்குப் பட்டாளத்துல வருசத்துக்கு ரெண்டு மாசம் லீவு உண்டும்லா?"

"அதுக்கு என்ன இப்ப?"

"லீவுல வந்தா மொத வாரம் என்ன செய்விய?"

சுடலைராஜ் செம்பை வாயருகே வைத்தபடி நின்றார்.

"கட்டில விட்டு எறங்க மாட்டிய. 'ஒடம்பெல்லாம் அலுத்துப்போச்சு வள்ளி, கொஞ்சம் ஆறட்டும்'பிய. நான் வாசல்ல ஒரு காக்காயக் கத்த விட்டிருப்பனா? ஒங்க அம்மா வயலுக்குக் கூப்புட்டா, ஒங்க மவன் தூங்கட்டும்னு சண்ட போட்டிருக்கேன். அந்த லீவு இல்லாம அத்தன வருசம் துப்பாக்கி தூக்கியிருப்பியளா?"

"அது கவர்மெண்டு குடுத்த லீவு."

"இது அவ டீச்சரு குடுத்த லீவு."

சுடலைராஜ் செம்பில் இருந்த தண்ணீரை முழுதும் குடித்தார். தாகம் தீர்ந்த பிறகும் செம்பைக் கீழே வைக்காமல் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார்.

"அது வேற, இது வேற" என்றார் கடைசியாக. ஆனால் அதைச் சொன்ன சத்தம் அவருக்கே கேட்டிருக்காது. பந்தலுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

"கேக்கமாட்டாரும்மா."

"கேட்டுட்டாரு. கேட்டது உள்ள எறங்க நேரம் ஆகும்" என்றாள் வள்ளித்தாய். பிறகு மகளின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். "அவருக்கு எறங்குதோ எறங்கலையோ, கல்லு பக்கத்துல நிக்கப்போறது நீதான். ஒம் மனசுல என்ன இருக்கு, அதச் சொல்லு."

* * *

நாலு மணிக்கெல்லாம் கோயில் முன்னால் ஊரே கூடிவிட்டது. கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். மேற்கே மலையிலிருந்து வந்த சாரல் வேறு அதை நனைத்து வழுவழுவென்று ஆக்கியிருந்தது. இளவட்டங்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். சிலர் கல்லை அசைத்தார்கள், சிலரைக் கல் அசைத்தது. வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த ஒருவன் முட்டு வரைக்கும் கொண்டுவந்து தொப்பென்று போட்டுவிட்டுச் சிரித்தான்.

மைக் பெரியப்பா ஆறுமுகநயினார் கையில். சுடலைராஜுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், கொடைக் கமிட்டித் தலைவர். மைக் கிடைத்தால் சாப்பாட்டையும் மறக்கிறவர்.

"அடுத்தாப்புல நம்ம ஊருத் தங்கம், ஹவில்தார் மகள் வேல்விழி" என்றார். விசில் பறந்தது.

வேல்விழி கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடுவில் வந்தாள். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்த நேரத்தில் அவள் பட்ட பாட்டைச் சொல்லத்தான் வேண்டும். ஐந்து நாள் ஓய்வெடுத்த உடம்பு துறுதுறுவென்று இருந்தது. தொடையில் அவ்வளவு தெம்பு. இப்படி ஒரு தெம்பை அவள் இதுவரை அறிந்ததே இல்லை. தூக்கு தூக்கு என்று கை நமைச்சல் எடுத்தது. தூக்கிவிடலாம், ஒரே மூச்சு, அப்பா முகம் மலர்ந்துவிடும், எல்லாம் முடிந்துவிடும். இந்தத் தெம்பு இன்றைக்கு உண்டானதில்லை, திருச்சிக்கு உண்டானது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

பெரியப்பாவிடம் கையை நீட்டினாள். அவர் ஏதோ வீர உரை வரப்போகிறதென்று சந்தோஷமாக மைக்கைக் கொடுத்தார்.

"பெரியவங்க எல்லாரும் மன்னிக்கணும். இந்தக் கல்ல நான் இன்னைக்குத் தூக்கப்போறதில்ல. முடியாம இல்ல. எனக்கு இது ஓய்வு வாரம். மூணு வாரம் கழிச்சு திருச்சியில தூக்கணும். அதுக்காகத்தான்."

வார்த்தை எதையும் அவள் விழுங்கவில்லை.

பின்னாலிருந்து "பயந்துட்டாடே" என்று ஒருவன் சொன்னான். அங்கங்கே சிரிப்பு. ஆறுமுகநயினார் மைக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஆனால் அணைக்க மறந்துவிட்டார்.

"என்னடே சுடலைராஜ், வாக்கு குடுத்தது நீதானே?" என்று அவர் கேட்டது தெரு முழுக்கக் கேட்டது.

சுடலைராஜ் மேல்துண்டை எடுத்துப் பக்கத்தில் நின்றவன் கையில் கொடுத்தார். புது வேட்டியை மடித்துத் தார்பாய்ச்சிக் கட்டினார். மகளைப் பார்க்காமல் நேராகக் கல்லுக்கு வந்தார்.

ஐம்பத்தாறு வயது. இடது முழங்காலில் எல்லையில் வாங்கிய அடி. குளிர் நாளில் படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறவர். பெண்கள் பக்கத்திலிருந்து "ஏங்க" என்று வள்ளித்தாயின் குரல் மட்டும் கேட்டது. சுடலைராஜ் குத்தவைத்து உட்கார்ந்து, கல்லுக்கு அடியில் விரல்களைக் கொடுத்தார்.

வேல்விழி அவருக்கு எதிரே போய்க் குத்தவைத்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் கல். அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"அப்பா, நீங்க தூக்குனா, நீங்க எறக்குன பொறவு நானும் தூக்குவேன்."

"மெரட்டுதியாட்டி?"

"இல்லப்பா. நீங்க தூக்கி நான் பாத்துக்கிட்டு நிக்க என்னால முடியாது. நீங்க வளத்த புள்ளைலா."

சுடலைராஜ் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் பார்வை விலகவில்லை. அவள் சொன்னால் செய்வாள். செய்யும்படி வளர்த்தவர் அவர்தான். விடியற்காலைகள் எத்தனை, இந்தப் பிடிவாதத்தை ஊட்டி ஊட்டி அல்லவா வளர்த்தார்.

கை வைத்த பொருளைத் தூக்காமல் அவர் விட்டதில்லை. பட்டாளத்திலும் சரி, வயலிலும் சரி. விரல்கள் கல்லுக்கு அடியிலேயே இருந்தன. மேளக்காரர்கள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள்.

முதலில் வலது கை வெளியே வந்தது. பிறகு இடது கை. முழங்காலில் கையை ஊன்றி, மெதுவாக எழுந்தார். எழுந்திருக்க மகள் தோளைப் பிடித்துக்கொண்டார். இதுவரை அவர் அப்படிப் பிடித்ததில்லை.

அண்ணனிடம் போய் மைக்கை வாங்கினார். உள்ளங்கையில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

"வாக்கு குடுத்தது நான். எம்பிள்ளகிட்ட ஒரு வார்த்த கேக்காமக் குடுத்தேன். அவ தூக்கமாட்டா. நானும் தூக்கல." தொண்டையைச் செருமினார். "தப்பு எம்மேலதான்."

மைக்கை ஆறுமுகநயினாரிடம் கொடுத்தார். அந்த மனுஷருக்கு ஆயுசில் முதல் தடவையாக மைக்கில் சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று. மேளக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். அவர்கள் அடிக்க ஆரம்பித்தார்கள்.

* * *

மூவரும் வீட்டுக்கு நடந்தார்கள். சாரல் தூறிக்கொண்டிருந்தது. சுடலைராஜ் முன்னால், வேட்டியின் தார்ப்பாய்ச்சை இன்னும் அவிழ்க்காமல். எதிரே வந்த சிலர் பார்த்தும் பாராமல் போனார்கள். ஒரு கிழவர் மட்டும் நின்று, "நல்லதுடே" என்று சொல்லிவிட்டுப் போனார். எது நல்லது என்று அவர் சொல்லவில்லை, சுடலைராஜும் கேட்கவில்லை.

தெரு திரும்பியதும் நடையை மட்டாக்கினார்.

"திருச்சிக்கு நான் வரல. நீயும் ஒங்க அக்காவும் போயிட்டு வாங்க. நான் பின்னால நின்னு சத்தம் போட்டாத்தான் நீ தூக்குவேன்னு நெனச்சிட்டிருந்தேன்."

எத்தனை போட்டிகளில் வேல்விழி, மேடைக்குப் பின்னாலிருந்து அப்பா போடும் சத்தம் கேட்காமல் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். இப்போது அவரே வரவில்லை என்கிறார். வராதீங்க என்று சொல்ல மனசு இல்லை. வாங்க என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் பேசாமல் நடந்தாள். அது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று பிறகுதான் தோன்றியது.

வள்ளித்தாய்தான் பேசினாள். யாரையும் பார்க்காமல், முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு.

"ஏட்டி, திருச்சிக்கு ரயில்ல டிக்கெட்டு எப்ப எடுக்கணும்?"

"சீக்கிரம் எடுக்கணும்மா. ஏன்?"

"எனக்கும் ஒண்ணு எடு."

சுடலைராஜ் நின்றுவிட்டார். வள்ளித்தாய் இதுவரை ஒரு போட்டிக்கும் போனதில்லை. போகட்டுமா என்று கேட்டதும் இல்லை. தகப்பனும் மகளும் கிளம்பும்போது கட்டுச்சோறு கட்டிக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பாள், அவ்வளவுதான். அவளையும் கூப்பிட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ஒருநாளும் தோன்றவில்லை. அதை நினைக்க வேல்விழிக்கு வெட்கமாக இருந்தது.

"நீ போயிட்டா வீட்ட யாரு பாப்பா? பால் யாரு கறப்பா?"

"நீங்க இருக்கியல்லா" என்று சொல்லிவிட்டு வள்ளித்தாய் முன்னால் நடந்தாள்.

சுடலைராஜ் மனைவி போகிறதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மகள் பக்கம் குனிந்து, ரகசியம் போலச் சொன்னார்.

"செவலப் பசு என்னைய அண்டவே விடாதுட்டி. ஒதைக்கும்."

வேல்விழிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒரு கூரைச் சரிவின் கீழே ஒதுங்கி நின்று போனை எடுத்தாள். தென்காசியிலிருந்து திருச்சிக்கு, போட்டிக்கு முந்தின நாள். தனக்கு, அக்காவுக்கு, அம்மாவுக்கு என்று மூன்று பேரைப் போட்டாள். அப்பா கைக்குட்டையால் உள்ளங்கை மஞ்சளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்க அது கைக்குட்டையெல்லாம் ஆனது.

மூன்றை அழித்துவிட்டு நான்கு என்று போட்டாள்.

அந்த ரயிலில் மூன்று இடம்தான் மிச்சம் இருந்தது.